நோய்க்கு ஒரு சீட்டு, நோயாளிக்கு ஒரு திட்டம்

மூச்சுத்திணறலோடு வந்த இரண்டு பேர் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் சேர்க்கப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு இதயச் செயலிழப்பு. மற்றவருக்குப் பல ஆண்டுக்காலப் பீடிப் பழக்கத்தால் வந்த நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பார்வைக்கு இருவரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்: கட்டில் விளிம்பில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்குவார்கள். ஆனால் முதலாமவரைக் கவனிக்கும் செவிலியர் அவர் குடிக்கும் தண்ணீரையும் கழிக்கும் சிறுநீரையும் அளந்து எழுத வேண்டும். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது உண்ட சாப்பாட்டால் வந்த எடையாக இருக்காது; உடம்பில் நீர் கோக்கிறது என்று பொருள். இரண்டாமவருக்கோ ஆக்சிஜனையே அளந்துதான் தர வேண்டும். மிதமிஞ்சிய ஆக்சிஜன் இவருடைய நுரையீரலில் இரத்தம் ஓடும் வழியை மாற்றிக் கரியமில வாயு வெளியேறுவதைக் குறைத்துவிடும்; அது இரத்தத்தில் தேங்கினால் அவர் மெல்ல மெல்ல அரைமயக்கத்துக்குப் போவார். அதனால் இரத்த ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 விழுக்காட்டுக்குள் நிறுத்தச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டு நெறிகள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் பணியாளர்களைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தாராளமாக ஆக்சிஜன் தரப்பட்டவர்களில் 9 விழுக்காட்டினர் இறந்தார்கள். அளந்து தரப்பட்டவர்களில் இறந்தவர்கள் 4 விழுக்காடு. வாயு ஒன்றுதான், கருவியும் ஒன்றுதான். யாருக்கு எவ்வளவு என்ற தீர்மானம்தான் வேறு.

நோயாளியைக் கவனிப்பது என்றால் நேரத்துக்கு மாத்திரை கொடுப்பது, ஊசி போடுவது, கனிவாகப் பேசுவது என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் அந்த வேலையின் அறிவியல் வேறோர் இடத்தில் இருக்கிறது. செவிலியர் எழுதும் பராமரிப்புத் திட்டம், அதாவது வார்டில் 'கேர் பிளான்' என்று சொல்லப்படுவது, உண்மையில் ஒரு முன்கணிப்பு. இந்த மனிதருக்கு அடுத்த எட்டு மணி நேரத்தில், அடுத்த மூன்று நாளில் எந்தக் கேடு வர வாய்ப்பு அதிகம், அதைத் தடுக்க என்ன செய்யப் போகிறோம், அது பலித்ததா என்று எந்த நேரத்தில் எதை அளந்து பார்ப்போம் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஹெலன் யூரா, மேரி வால்ஷ் ஆகிய இரு பேராசிரியர்கள் 1967-இல் இதை மதிப்பிடல், திட்டமிடல், செயல்படுத்தல், விளைவைச் சோதித்தல் என்று நான்கு படிகளாக வகுத்தார்கள். பிறகு, செவிலியர் தன் பார்வையில் பிரச்சினையைப் பெயரிட்டுச் சொல்லும் படியும் சேர்ந்து ஐந்தானது. இன்று உலகெங்கும் நர்சிங் மாணவர்கள் படிப்பது இதைத்தான். கவனித்து, ஊகித்து, செய்து பார்த்து, ஊகத்தைத் திருத்துவது என்ற அறிவியல் முறைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஆகவே இந்தக் கட்டுரை வைக்கும் வாதம் இதுதான்: சோதிக்கும் நேரமும் அளவும் குறிக்கப்பட்ட பராமரிப்புத் திட்டம் மருந்துக்கு நிகரான ஒரு சிகிச்சை. அவை இல்லாத திட்டம் கேஸ் ஷீட்டில் தேங்கும் காகிதம்.

நோயின் பெயர் தெரிந்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நோயின் பெயர் உறுப்பில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும். அந்த மனிதர் நாளை என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் எழுதப்பட்டு வீட்டுக்குப் போகும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் சீட்டில் அதே மருந்து, அதே யூனிட். ஒருவர் கண் நன்றாகத் தெரிகிற நாற்பது வயதுக்காரர், வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. மற்றவர் தனியாக வாழும் எழுபது வயது மூதாட்டி. கண்புரையால் சிரிஞ்சின் கோடுகள் அவருக்குத் தெரியாது, ஃபிரிட்ஜும் இல்லை, வாரம் இரண்டு நாள் விரதம் இருப்பவர். இவருக்கான திட்டத்தில் ஊசியை யார் போடுவார்கள், மருந்தை ஈரமண் பானைக்குள் குளிர்ச்சியாக வைப்பது எப்படி, விரத நாளில் அளவை என்ன செய்வதென்று மருத்துவரிடம் கேட்டுவைப்பது, வியர்த்து நடுங்கினால் உடனே எதை வாயில் போடுவது என்பவை எல்லாம் இருந்தாக வேண்டும். இந்த நான்கில் எதுவும் நோயின் பெயரிலிருந்து கிடைக்காது. அந்த அம்மாளிடம் பத்து நிமிடம் பேசினால் கிடைக்கும். அந்தப் பேச்சைக் குசல விசாரிப்பு என்று தள்ளிவிட முடியாது. இரத்தப் பரிசோதனை எப்படித் தகவல் தருகிறதோ அப்படியே இதுவும் தகவல் தருகிறது. தாழ்சர்க்கரை மயக்கத்தில் அவர் மறுபடி மருத்துவமனைக்கு வருவாரா மாட்டாரா என்பதை அந்தத் தகவல்தான் தீர்மானிக்கும்.

முன்கணிப்பு என்று சொன்னது எப்படி வேலை செய்கிறது என்பதைப் படுக்கைப்புண்ணில் மிக அருகில் பார்க்கலாம். இடுப்பெலும்பு முறிந்து அசையாமல் மல்லாந்து படுத்திருப்பவருக்கு முதுகின் அடிப்பகுதியில், எலும்பு தோலை நெருங்கி நிற்கும் இடத்தில், உடலின் எடை குவிந்து அழுந்துகிறது. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கினால் ஆக்சிஜன் கிடைக்காத திசு சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். தலைமாட்டை உயர்த்தி வைத்தால் உடல் மெல்லக் கீழ்நோக்கி வழுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகர்ந்து நடுவிலுள்ள சதையைக் கிழிக்கும். சிறுநீரின் ஈரம் தோலை ஊறவைத்து இந்த வேலையை எளிதாக்கிவிடும். 1987-இல் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் வெளியிட்ட அளவுகோல் இந்தக் காரணங்களைத்தான் ஆறாகப் பிரித்து மதிப்பெண் போடுகிறது: வலியை உணரும் திறன், ஈரம், நடமாட்டம், படுக்கையில் புரளும் திறன், உணவு, உராய்வு. மொத்தம் 23; 18 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து, இறங்க இறங்க அது கூடும். புண் வருமுன் தோலைப் பார்க்கும் முறையும் எளிது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. ஆனால் இந்தச் சோதனை வெளிர்நிறத் தோலுக்காக எழுதப்பட்டது. நம் ஊர்க் கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. அதனால் இங்கே விரலின் பின்புறத்தால் தடவி, சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சுடுகிறதா, கெட்டியாக இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாடநூலில் உள்ள திட்டத்தை அப்படியே படியெடுத்தால் என்ன தவறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இப்படிக் கவனித்து எழுதிச் செய்வதால் உண்மையிலேயே உயிரும் உடலும் பிழைக்கின்றனவா? இதற்கு வலுவான பதில்களில் ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. செவிலியர் பேராசிரியர் சாண்டி மிடில்டன் தலைமையில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாத சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு அது. 2011-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. குலுக்கல் முறையில் பத்துப் பிரிவுகளைத் தேர்ந்து அங்குள்ள செவிலியர்களுக்கு மூன்றே மூன்று விஷயங்களில் பயிற்சியும் நெறிமுறையும் தந்தார்கள்: பக்கவாதம் வந்த முதல் மூன்று நாளும் காய்ச்சலை விடாமல் அளந்து 37.5 டிகிரியைத் தொட்டதுமே தணிப்பது, சர்க்கரை ஏறினால் உடனே குறைப்பது, விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் வாய்வழியாக எதையும் தராதிருப்பது. மற்ற ஒன்பது பிரிவுகளுக்கு வழிகாட்டு நெறிகளின் சுருக்கம் மட்டும் தரப்பட்டது. புது மருந்து எதுவும் கிடையாது, புதுக் கருவியும் கிடையாது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது இறந்தவர்களும் இயலாமையோடு எஞ்சியவர்களுமாகச் சேர்த்து, பயிற்சி பெற்ற பிரிவுகளில் 42 விழுக்காடு, மற்றவற்றில் 58 விழுக்காடு. அந்த 90 நாளில் இறப்பை மட்டும் தனியே எடுத்தால் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதில் இருந்தது. காரணமும் விளங்காததல்ல. பாதி சேதமடைந்த மூளைத் திசுவைக் காய்ச்சலும் மிகு சர்க்கரையும் மேலும் கெடுக்கும். தொண்டைத் தசை செயலிழந்தவர் வாயில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால், இருமல்கூட வராமல் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா ஆகும். படுத்த படுக்கையில் இருப்பவருக்கு 'தொண்டை வறளுதே' என்று பாசத்தோடு தண்ணீர் புகட்டும் நம் வழக்கம் இங்கே ஆபத்தாக முடிவது இதனால்தான்.

'மருத்துவர்தான் ரவுண்ட்ஸ் வருகிறாரே, அவர் எழுதியதைச் செய்தால் ஆகாதா?' என்பது முதல் மறுப்பு. மருத்துவர் ஒரு கட்டிலருகே நிற்பது சில நிமிடம்; நோயாளிக்கு ஆபத்து நேர்வதோ இருபத்து நான்கு மணி நேரத்தில் மிச்சமுள்ள பொழுதில். உடல் மோசமாகும்போது பெரும்பாலும் அது முன்கூட்டியே அடையாளம் காட்டும்: மூச்சு எண்ணிக்கை ஏறும், நாடி வேகமாகும், பேச்சில் குழப்பம் வரும். பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை இந்த மாற்றங்களைக் கூட்டி, இந்த எண்ணைத் தாண்டினால் மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும் என்று வரையறுத்தது. கட்டிலருகே இருந்து அதைக் கணக்கிடுபவர் செவிலியர்தான். இந்தப் பங்கீடு தமிழுக்குப் புதிதல்ல. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக்கும்போது நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு நிறுத்தாமல், அருகிருந்து கவனிப்பவரையும் நான்காவதாகச் சேர்க்கிறது. நான்காவது கூறுக்கும் சொந்தமாக ஒரு தீர்மானம் தேவைப்படுகிறது. அதைத்தான் பராமரிப்புத் திட்டம் என்கிறோம்.

இரண்டாவது மறுப்பு அனுபவசாலிகளிடமிருந்து வருவது: 'இருபது வருஷம் வார்டில் இருந்த சிஸ்டருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும், மதிப்பெண் எதற்கு?' இதில் உண்மை இருக்கிறது. பிரேடன் போன்ற அளவுகோல்களைப் பயன்படுத்துவதால் மட்டுமே படுக்கைப்புண் குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. மதிப்பெண் யாரையும் புரட்டிப் படுக்க வைப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்துப் புரட்டும் கைதான் வைக்கிறது. ஆனால் அனுபவத்தின் குறை வேறு இடத்தில் உள்ளது. அது ஒருவர் தலைக்குள் இருக்கிறது. டியூட்டி முடிந்து அவர் வீட்டுக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடுகிறது. ஒரு நாளில் மூன்று ஷிப்ட் மாறும் இடத்தில், காலையில் ஒருவர் கண்டுபிடித்தது இரவில் இன்னொருவருக்குத் தெரிந்தாக வேண்டும். 'நோயாளி பரவாயில்லை' என்று கைமாற்றிச் சொன்னால் அதை யாரும் சோதிக்க முடியாது. 'காலை பத்து மணிக்கு மூச்சு எண்ணிக்கை 18, இப்போது 24' என்று எழுதிச் சொன்னால் முடியும். எழுதப்பட்ட திட்டம் அனுபவத்தை மறுப்பதில்லை. அந்த அனுபவம் வார்டுக்குச் சொந்தமாவதற்கு வழி செய்கிறது.

அப்படி எழுதிவைத்தால் அதுவே மாறாத சட்டமாகிவிடாதா என்ற அச்சமும் நியாயமானது. 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டு' என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த விதி. அதையே சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 27 முதியோர் காப்பகங்களில், அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்த 942 பேரை இரண்டு, மூன்று, நான்கு மணிக்கு ஒருமுறை புரட்டும் மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். மூன்று குழுக்களுக்கும் இடையே படுக்கைப்புண் எண்ணிக்கையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. முதலில் சொன்ன அளவுகோலை உருவாக்கிய நான்சி பெர்க்ஸ்ட்ராம்தான் இந்த ஆய்வுக்கும் தலைமை தாங்கினார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆனால் இதைப் படித்துவிட்டு இலவம்பஞ்சு மெத்தையிலோ பாயிலோ படுத்திருக்கும் நம் வீட்டுப் பெரியவரை நான்கு மணி நேரம் அப்படியே விட்டுவிடக் கூடாது. அந்த முடிவு அந்த மெத்தைக்கும், தோலை ஒவ்வொரு முறையும் பார்த்துக் குறித்த அந்தக் கவனிப்புக்கும் உரியது. ஒரு விதி எந்தச் சூழலில் செல்லும் என்று கேட்கும் பழக்கம் இருந்தால் எழுதிய திட்டம் இறுகிப்போகாது.

திட்டம் எழுதுவதே நேரத்தைத் தின்கிறது, அந்த நேரத்தில் நோயாளியைப் பார்க்கலாமே என்ற மறுப்புத்தான் வார்டில் அதிகம் கேட்பது. மேற்பார்வைக்கு வருபவர் பார்ப்பதற்கென்றே ஒரே வாசகத்தைப் பத்து நோயாளிக்கும் எழுதி நிரப்பும் இடங்களில் இந்தக் குறை முழுக்கவே சரி. அப்படிப்பட்ட எழுத்தைக் கைவிடுவதால் எந்த நட்டமும் இல்லை. ஆனால் திட்டம் நீளமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அமெரிக்காவில் பட்ரீஷியா டைக்ஸ் குழுவினர் நோயாளிகள் தடுக்கி விழுவதைத் தடுக்க ஒரே பக்கப் படவிளக்கத் தாளை உருவாக்கினார்கள். இவர் ஏன் விழக்கூடும், அதற்கு எதைச் செய்ய வேண்டும் என்பதை நோயாளியோடும் குடும்பத்தோடும் சேர்ந்து குறித்து, கட்டிலருகே மாட்டிவிடுவார்கள். இரவில் சிறுநீர் போக எழும் பழக்கமுள்ளவருக்கு ஒரு குறி, ஐ.வி. ஸ்டாண்டோடு நடப்பவருக்கு வேறொரு குறி. மூன்று மருத்துவமனைகளின் 14 வார்டுகளில் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், விழுந்தவர்கள் 15 விழுக்காடும், விழுந்து அடிபட்டவர்கள் 34 விழுக்காடும் குறைந்தார்கள். கேஸ் ஷீட்டுக்குள் மூடிக் கிடந்த அதே தகவல், நோயாளியின் கண்முன் வந்தபோது பலன் தந்தது.

கடைசி மறுப்புக்குத் திட்டத்திடம் பதில் இல்லை, நிர்வாகத்திடம்தான் இருக்கிறது. ஆள் போதாத வார்டில் யார் யாருக்கென்று திட்டமிடுவது? லிண்டா எய்கன் குழுவினர் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியமானது. ஒரு செவிலியர் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினால், சேர்ந்த 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு 10 விழுக்காடு கூடிய இடங்களில் அதே அளவு குறைந்தது. இது பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வு. இதைக் கொண்டு காரணத்தை முழுதாக நிறுவிவிட முடியாது. ஆனால் எண்ணிக்கையோடு கல்வியும் கணக்கில் வருவதிலிருந்து, செவிலியர் செய்யும் வேலை கைவேலை மட்டுமல்ல, தீர்மானிக்கும் வேலையும்கூட என்று ஊகிக்க இடமிருக்கிறது. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நம் வார்டுகளில் இரவு டியூட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த அளவுகோலுக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆள் குறைவாக இருந்தால் திட்டத்தைக் கைவிடலாம் என்பதும் சரியான முடிவல்ல. பத்துப் பேரில் இன்றிரவு யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்வி, கை குறையும்போதுதான் கூர்மையாகிறது.

அந்த இடைவெளியை இங்கே நிரப்புவது குடும்பம். ஊட்டுவது, துடைப்பது, புரட்டுவது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது எல்லாம் பெரும்பாலும் கூட இருக்கும் மகளோ மனைவியோதான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வலிதணிப்புப் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்த பிறகு, கவனிப்பின் பெரும்பகுதி வீட்டில்தான் என்பது அரசும் ஏற்றுக்கொண்ட உண்மையாகிவிட்டது. ஆகவே திட்டம் குடும்பத்துக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருந்தால் செவிலியரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: இவருக்கு இன்று எது நடந்துவிடக் கூடாது என்று பார்க்கிறீர்கள்? அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எந்த அடையாளத்தைக் கண்டால், எந்த நேரமானாலும் உங்களைக் கூப்பிட வேண்டும்? டிஸ்சார்ஜ் அன்றைக்கு மருந்துச் சீட்டோடு இந்த மூன்றுக்கும் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனை நிர்வாகங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: திட்டமிடவும் திரும்பச் சோதிக்கவும் ஆகும் நேரத்தைச் செவிலியரின் வேலைநேரத்தில் கணக்கிட்டு, அதற்கேற்ப ஆள் நியமிப்பது. அதைச் செலவு என்று எழுதும் நிர்வாகம், படுக்கைப்புண்ணுக்கும் நிமோனியாவுக்கும் மறுசேர்க்கைக்கும் ஆகும் தொகையையும் பக்கத்திலேயே எழுதிப் பார்க்கட்டும்.